‘ம கயேன்’ என்றால் போட்டு வாறன்

மருந்துப் பெட்டிக்குள் நாலாக மடித்து வைத்திருக்கும் தாளைத் தமிழில் எழுதுகிறவள் நான். ‘சாப்பாட்டுக்குப் பின் ஒரு வில்லை’ என்று நான் எழுதியதை எத்தனையோ பேர் வாசித்து விழுங்கியிருப்பார்கள். எழுதியது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு பல வருடமாக இதைத்தான் செய்கிறேன். அப்படியிருக்க, மேல்வீட்டு நேபாளத்துப் பெண் ஒருநாள் வந்து, “அக்கா, படத்துக்குக் கீழ தமிழ் எழுதித் தருவீங்களா?” என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது.

மேல்வீட்டு அன்ரியின் கடைசி மகன் கட்டாரில் ஹோட்டல் வேலையில் இருந்தபோது, அதே ஹோட்டலில் வேலை செய்த அவளைக் கலியாணம் கட்டிக் கூட்டிவந்தவன். ஒழுங்கை முழுக்க அவளுக்கு ‘நேபாளத்து மருமகள்’ என்றுதான் பெயர். தமிழை அவள் இரண்டு இடத்தில் படித்தாள். பேச்சு அன்ரியின் குசினியில். எழுத்து, முதலாம் வகுப்புக்குப் போகும் தன் மகனின் புத்தகத்தில். அதனால் சொதி, உறைப்பு, கருவாடு எல்லாம் அசல் யாழ்ப்பாணமாக வரும். ‘நேற்று வருவேன்’, ‘நாளைக்கு வந்தேன்’ என்று காலம்தான் கண்டபாட்டுக்கு ஓடும்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒருமுறை ஊருக்குப் போய்த் தாயைப் பார்க்க வேண்டும். பார்த்து எட்டு வருடம். முதலில் பிள்ளை வயிற்றில், பிறகு கொரோனா, பிறகு பெற்றோல் வரிசை, பிறகு அன்ரியின் முழங்கால் என்று ஒவ்வொன்றாக வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. போகாதே என்று அன்ரி ஒருநாளும் சொன்னதில்லை. பேச்சை எடுத்தால் எழும்பி அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

அன்ரியை எனக்குப் பிடிக்கும், அதனால் அவரை விட்டுக்கொடுக்கவும் மனம் வராது. மூத்த மகனும் மகளும் கனடாவில். போய் எத்தனை வருடம் என்று கேட்டால் கணக்குச் சொல்லாமல், “குளிர் தேசம் எல்லே, வர ஏலாது” என்பார். மிச்சம் இருப்பது இந்தக் கடைசி மகனும், மருமகளும், பேரனும்தான். பேரனையும் கூட்டிக்கொண்டு போகிறவள் திரும்பி வராவிட்டால் என்ற பயம் அந்த மனுசியைத் தின்றுகொண்டிருந்தது. வாய்விட்டுச் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

“நான் கேக்க ஏலாது, அக்கா. படம் கேக்கட்டும்” என்றாள் மருமகள்.

கொழும்பில் இருக்கும் நேபாளக்காரர்கள் சேர்ந்து குறும் ஆவணப்பட விழா ஒன்று வைக்கப்போகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஹோட்டல் சமையற்காரர், கார்மென்ட்ஸ் பெண்கள், மருத்துவம் படிக்கிற பிள்ளைகள், இவளைப் போல இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். எல்லாம் போனில் எடுத்த படங்கள். மொத்தம் ஏழு, மிக நீளமானது கால் மணித்தியாலம். மண்டபம் கொட்டாஞ்சேனையில். அக்கம்பக்கத்தாரும் புகுந்த வீட்டாரும் வந்து பார்க்க வேண்டும் என்று சிங்களத்திலும் தமிழிலும் வசனம் போடத் தீர்மானித்திருந்தார்கள். சிங்களத்துக்கு வேறு ஆள். தமிழுக்கு நான். மருத்துவ மாணவன் ஒருவன் நேபாளியிலிருந்து ஆங்கிலத்தில் எழுதித் தந்ததை வைத்துத்தான் என் வேலை.

வத்தளையில் ஒரே அறையில் இருக்கும் ஐந்து பெண்கள் பற்றிய படம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் போன் எடுப்பார்கள். ஆளுக்கொரு மூலை, தலைக்குமேல் ஆளுக்கொரு போர்வை. ஐந்து போர்வைக்குள்ளும் வெளிச்சம். அதற்குத் தமிழ் எழுதும்போது மூக்கு உறிஞ்சினேன். மருந்துத் தாள் எழுதி அழுத வரலாறு எனக்கில்லை.

நம் மருமகளின் படம் எட்டு நிமிடம். எட்டு வருடத்துக்கு முன் அவள் கட்டாருக்குப் புறப்பட்ட காலையில், ஒன்றுவிட்ட தங்கை போனில் பிடித்தது. வாசலின் இரு பக்கமும் தண்ணீர் நிறைந்த இரண்டு பித்தளைக் குடங்கள். தாய் தயிரில் அரிசியைக் குழைத்து மகளின் நெற்றியில் அப்புகிறார். கழுத்தில் செவ்வந்தி மாலை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு, “ல, ம கயேன், ஹை” என்கிறாள். தாய், “பிஸ்தாரை ஜா” என்கிறார். அவள் போனபிறகும் தாய் உள்ளே போகாமல் நிற்கிறார். நெடுநேரத்துக்குப் பிறகு ஒரு குடத்தைத் தூக்கி, தண்ணீரை வீணாக்காமல் ஆட்டுக்கு ஊற்றுகிறார்.

இரண்டு வசனமும் எனக்குக் கை போன போக்கில் வந்தன. முதலாவது, ‘சரி, போட்டு வாறன்’, போய்விட்டு வருகிறேன் என்பதற்கு எங்கள் பேச்சு. இரண்டாவது, ‘ஆறுதலாப் போட்டு வா’, அதாவது மெதுவாக, அவசரமில்லாமல். எழுதி முடித்துவிட்டுப் பிளேன்ரீ குடித்தேன்.

விழா ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறையில். போயா என்றால் கார்மென்ட்ஸ் பூட்டு, ஹோட்டல்காரர் மட்டும் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்தார்கள். இறைச்சிக் கடையும் பூட்டு என்பதால் அவர்களுடைய கொழுக்கட்டையான மோமோவுக்குள் முட்டைக்கோவாதான். காலையிலேயே நானும் மருமகளும் மண்டபத்துக்குப் போய், படங்களை ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். அவள் தன் படத்தின் கீழே ஓடிய தமிழை விரலால் தொட்டு எழுத்துக் கூட்டினாள். போ, ட், டு. வா, ற, ன். விரல் அப்படியே நின்றது.

“அக்கா, நான் இது சொல்ல இல்ல.”

“பின்னே?”

“ம கயேன் எண்டா, நான் போனேன். போயாச்சு. எங்கட ஊரில வெளிக்கிடேக்க அப்படித்தான் சொல்றது.”

எனக்குச் சுருக்கென்றது. நிற்கிற ஆள், வாசலில் நின்றுகொண்டே, போனேன் என்று சொல்வதா? “எங்கட ஆக்கள் போறன் எண்டே சொல்லமாட்டினம், பிள்ளை. செத்த வீட்டில மட்டும்தான் ஒண்டும் சொல்லாமல் எழும்பிப் போறது. தமிழில அப்பிடி எழுதினா எல்லாருக்கும் நெஞ்சு திக்கெண்டும்.”

“ஆனா பொய் தானே, அக்கா? இது கதைப் படம் இல்ல. அம்மாவுக்கு வாறன் எண்டு சொல்லி இருந்தா நான் எப்பவோ போய் இருப்பேன். சொல்ல இல்ல. அதுதான் எட்டு வருஷம்.”

அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை, அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. சரி, மாற்றுகிறேன் என்று மடிக்கணினியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘நான் போறன்’ என்று அடித்தேன். செத்த வீடே கண்முன் வந்தது. ‘நான் போட்டன்’ என்று அடித்தேன். எதையோ கீழே போட்ட மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து அன்ரி மகனின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தார். விழா என்று சொன்னதற்காகக் கூறைச் சேலையைத் தவிர மற்ற எல்லாம் போட்டிருந்தார். நேரே முன்வரிசைக்குப் போய், கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

இந்த மனுசி ‘நான் போனேன்’ என்று வாசித்தால் என்ன ஆகும்? மருமகள் வீட்டை விட்டுப் போகும் விதம் இதுதான் என்று அப்படியே நம்பிவிடுவார். பயணம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். முதலில் எழுதியதையே திரும்ப அடித்து, மடிக்கணினியை மூடினேன்.

அன்ரிக்கு ஒரு பழக்கம். எதை வாசித்தாலும் சத்தமாகத்தான் வாசிப்பார். கடைப் பலகை, பஸ் பலகை, மருந்துத் தாள் எல்லாம். ஏழு படத்தின் வசனத்தையும் மண்டபத்துக்கே வாசித்தார். நேபாளப் பிள்ளைகள் முதலில் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். ஐந்தாவது படத்தில் பித்தளைக் குடங்கள் வந்தன.

“நிறைகுடம் எல்லே வைக்கினம்!” என்றார். “இஞ்ச பார், முழுவியளம் பாக்கிற ஆக்கள்!” புறப்படுகிறவர்களுக்கு நல்ல சகுனம் பார்த்து அனுப்புவதை அவர் அப்படித்தான் சொல்வார். தயிரும் அரிசியும் நெற்றியில் ஏறியபோது கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு திரையிலிருந்த மருமகளின் சின்ன முகத்தைப் பார்த்தபடி வாசித்தார். “சரி, போட்டு வாறன்.” கொஞ்சம் பொறுத்து, குரல் இறங்கி, “ஆறுதலாப் போட்டு வா.” தாய் தனியே நின்ற அந்த நீண்ட காட்சியில் வசனம் எதுவும் இல்லை. அன்ரிக்கும் வாசிக்க ஒன்றும் இல்லை.

படம் முடிந்து லைற் போட்டதும் அவர் மகனைத்தான் பிடித்தார்.

“தாயிட்டப் போட்டு வாறன் எண்டெல்லோ சொல்லிப்போட்டு வந்திருக்கிறாள்! எட்டு வருசமா நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்?”

“அம்மா, நீங்கதானே...”

“நான் என்ன? எனக்குத் தெரியுமே இப்பிடிச் சொல்லிப்போட்டு வந்தவள் எண்டு? அந்த மனுசி ஒவ்வொரு நாளும் வாசலைப் பாத்துக்கொண்டு நிக்கும். எனக்குத் தெரியும். எனக்கும் ரெண்டு பேர் சொல்லிப்போட்டுத்தான் போனவை.”

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் மோமோத் தட்டைப் பார்த்தேன். கிட்ட வந்து, “மாத்த இல்லையா, அக்கா?” என்றாள்.

“மறந்திட்டன், பிள்ளை” என்றேன். மறக்கவில்லை. அவளுக்கும் அது தெரியும். என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டுப் போனாள். நன்றியா கோபமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அன்ரி அதற்குள் மோமோ ஒன்றைத் தூக்கிப் பார்த்து, “இது மோதகம் தானே, சர்க்கரை போட மறந்திட்டினம்” என்று ஆறு சாப்பிட்டார்.

பள்ளிக்கூட விடுமுறையில் பயணம் சரிவந்தது. அவளும் பிள்ளையும் மட்டும், மூன்று கிழமைக்கு. புறப்படும் காலை நானும் மேலே போனேன். வாசலில் அன்ரி இரண்டு நிறைகுடம் வைத்திருந்தார். ஒன்று பித்தளை. மற்றது கிடைக்காததால் சில்வர். மருமகளின் நெற்றியில் விபூதி பூசி, அதற்குமேல் தயிர் குழைத்த அரிசியையும் அப்பினார். அது வழிந்து புருவத்துக்கு வந்தது. மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. படித்த தமிழெல்லாம் எங்கே போனதோ, அவள் வாயில் வந்தது இதுதான்.

“ல, மாமி, ம கயேன், ஹை.”

நான் அவசரமாக அன்ரியின் முகத்தைப் பார்த்தேன். அன்ரியோ முகமெல்லாம் சிரிப்பாக, படத்திலிருந்த தாயைப் போலவே தலையை ஆட்டி, “பிஸ்தாரை ஜா” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஆறுதலாப் போட்டு வா எண்டு சொன்னனான்” என்று பெருமையோடு மொழிபெயர்த்தும் தந்தார்.

அடுத்த நாள் அவர் கோயிலுக்குப் போகும்போது என் கதவைத் தட்டி, “ம கயேன், பிள்ளை” என்றார். சந்தைக்குப் போகும்போதும் அதே. பின்னேரங்களில் வந்து உட்கார்ந்து, வேறு ஏதோ கதைத்துவிட்டுக் கேட்பார். “ம கயேன் எண்டா போட்டு வாறன் தானே?”

“ஓம், அன்ரி.”

முதல் நாள் அந்த ‘ஓம்’ சுகமாக வந்தது. பத்தாம் நாள், கேள்வி வருமுன்னே பிளேன்ரீ ஊற்ற எழும்பினேன். எனக்குப் பயமாக இருந்தது. அவள் வராமல் விட்டால், இரண்டு பேர் சொல்லிவிட்டுப் போன அந்த மனுசிக்கு மூன்றாவது ஆளையும் நம்பவைத்தவள் நானாக இருப்பேன்.

மூன்றாம் கிழமை முடிவில் ஒரு காலை, போனில் அவளுடைய குரல்பதிவு ஒன்று வந்தது. பின்னால் ஆடு கத்தும் சத்தம்.

“அக்கா, இப்ப வீட்டில இருந்து வெளிக்கிட்டம். நான் அம்மாவுக்கு ‘கயேர ஆவுஞ்சு’ எண்டு சொன்னேன். போட்டு வாறன். எங்கட ஊரில அது கடைக்குப் போற ஆக்கள் சொல்றது. அம்மா சிரிச்சிட்டா. பிறகு அழுதா. நீங்க எழுதினது இப்ப சரி, அக்கா. இனி மாத்த வேணாம்.”

மேல்மாடிக்கு எப்படி ஏறினேன் என்று தெரியாது. அன்ரி அதை மூன்று தரம் போடச் சொல்லிக் கேட்டார்.

“போட்டு வாறன் எண்டு ஆருக்குச் சொன்னவள்? எனக்கோ, தாய்க்கோ?”

எனக்குப் பொய் சொல்லிக் களைத்துப்போயிருந்தது. “தாய்க்கு, அன்ரி. நாளைக்கு இஞ்ச வந்திடுவாள்.”

அன்ரி எழும்பினார். அடுப்பைப் பார்க்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. வாசலில் போய், மூன்று கிழமையாக எடுக்காமல் வைத்திருந்த குடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப வாற வருசமும் அவளைத் தாயிட்டப் போக விடவேணும்” என்றார். “சொல்லிப்போட்டாளெல்லே. மற்றக் குடமும் பித்தளையில ஒண்டு வாங்கவேணும், பிள்ளை.”