குளவிக்கு விட்ட அடுப்பு

மகாவலி ஆற்றங்கரையில் வீடு கட்டுகிறவர்கள் இரும்புச் சாமான் எதுவும் வாங்கக் கூடாது. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டில் விடிந்தால் சுவர்கூட வியர்த்திருக்கும். அந்த வீட்டுக்குத்தான் என் கணவரின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து கப்பலில் ஒரு கேஸ் கிறில் அடுப்பை அனுப்பிவைத்தார். பெரஹரா ஊர்வலம் பார்க்க வரும்போது சிநேகிதர்களுக்குக் கோழி சுட்டுக் கொடுக்க வேண்டுமாம். வந்து நிற்கிற கொஞ்ச நாளைக்கு அடுப்பு அவருடையது. மிச்ச நாளெல்லாம் அது என் தலையில்.

முதல் மழைக்கு, நனைந்துவிடக் கூடாதே என்று பொலித்தீனால் இறுக்கிக் கட்டிவைத்தேன். அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே தண்ணீர் கோத்து நிற்கிறது, கம்பியெல்லாம் பூஞ்சணம். தேங்காயெண்ணெய் பூசினேன். எறும்பு வந்தது. மூடினாலும் கீழே காற்றுப் போக விட வேண்டும், கிழமைக்கு ஒரு தரமாவது பற்றவைத்து ஈரத்தை ஓட்ட வேண்டும், கேஸ் வருகிற குழாய்களைக் கம்பி விட்டுக் குத்த வேண்டும் என்பதெல்லாம் நானாகப் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதும் இல்லை.

ஒரு நாள் குத்தப் போனபோது, வாயில் மண்ணுருண்டையோடு ஒரு குளவி குழாய்க்குள் நுழைவதைக் கண்டேன். கம்பியை ஓங்கியதும் மாமி, என் கணவரின் அம்மா, ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"கைய வச்சிடாத புள்ள. குளவி கூடு கட்டுனா அந்த வீட்டுல கொழந்த பொறக்கும்."

எனக்குக் கல்யாணமாகிப் பல வருடம். அதுவரை மாமி என்னைப் 'புள்ள' என்று கூப்பிட்டதே இல்லை. 'இந்தா' என்றுதான் கூப்பிடுவார். அன்று பின்னேரம் தன் கையால் பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்து தந்தார். கேட்டால் சிரிப்பு வரும். எனக்கு அப்போது வரவில்லை. ஆசை யாரை விட்டது? கம்பியைக் கூரையில் செருகினேன். பற்றவைத்தால் குளவி ஓடிவிடும் என்றார் மாமி, அதையும் விட்டேன். காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்க்கும் முன்னே மூடியைத் தூக்கி அந்தக் கூட்டைத்தான் பார்ப்பேன்.

மாதா மாதம் குளியலறைக்குள் நின்று அழுதேன். கொஞ்ச நாளில் குளவி வருவது நின்றது, மாமியின் தேநீரும் நின்றது. கூட்டை மட்டும் உடைக்கக் கூடாது, பலிக்க நாளாகும் என்றார். அடுப்பு துருவேறிக்கொண்டே போனது.

பெரஹராவுக்கு அண்ணனும் அவர் மனைவியும் வந்தார்கள். சிநேகிதர்கள் வந்து உட்கார்ந்தபோது நான் அண்ணனிடம் நேராகவே சொன்னேன்: ஒரு குழாயில் குளவிக் கூடு இருக்கிறது, மற்றவையும் அடைத்திருக்கும், குத்தாமல் பற்றவைக்கக் கூடாது. கூட்டைத் தொட விடமாட்டேன் என்று மாமி குறுக்கே வந்தார். மற்றக் குழாய்கள் போதும் என்றார் அண்ணன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்றார் என் கணவர், வந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

தீ மேலே வரவில்லை. அடைத்த குழாயிலிருந்து திரும்பி, கேஸ் திறக்கிற திருகுக்குக் கீழே குப்பென்று வெளியே வந்தது. அண்ணனின் கைமயிர் கருகியது. நான் ஓடிப்போய் சிலிண்டரின் வாயைத் திருகிப் பூட்டினேன்.

"சும்மாதானே வீட்டுல இருக்கீங்க. இதக்கூடப் பாத்துக்க முடியாதா?" என்றார் அண்ணன், அத்தனை பேர் முன்னால்.

மாமி அண்ணனின் கையைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார். என் கணவர் வந்தவர்கள் தள்ளி உட்காரக் கதிரையை நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் மனைவி பயத்தில் சுவரோரம் ஒதுங்கி, வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். மாமி அதைக் கண்டுவிட்டார். கிட்டப் போய் மெதுவாக விசாரித்தார். ஆமாம், வயிற்றில் மூன்றாவது பிள்ளை. பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று இருந்தார்களாம். மாமி அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் துளி கள்ளம் இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"பாத்தியா, குளவி பொய் சொல்லல. அடுப்பு அவனோடதுதானே? அதான் அவனுக்குப் பலிச்சிருக்கு."

நான் கூரையிலிருந்து கம்பியை உருவினேன்.

"அப்ப இனி நான் குத்தலாம்தானே, மாமி?"

"குத்து, குத்து," என்றார் மாமி. "கெதியா முடி. வந்தவங்க பசியோட இருக்காங்க."