பெல்லட்டும் தேங்காய் எண்ணெயும்

விறகைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று அறுபத்தெட்டு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஈரோட்டில் ஒரு சாயப்பட்டறையின் பாய்லருக்கு விறகு தள்ளப் போனேன். முப்பது வயதில் பதினோரு பட்டறைகளுக்கு விறகு போட்டது என் சொந்த லாரி. கட்டையைக் கையில் தூக்கினால் போதும், புளியா, வேம்பா, சீமைக்கருவேலமா, எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவேன். அந்த ஊரில் இதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

போன வருடம் அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மகன் வீட்டில் இருந்தோம். பேத்தி பிறந்து இரண்டு மாதம். ஜனவரியில் மருமகள் வேலைக்குத் திரும்ப வேண்டும். என் மனைவி இருந்தால் குழந்தை வீட்டில் வளரும். இல்லாவிட்டால் டேகேர் என்கிற காப்பகம்தான். ஆனால் மனைவிக்கு டிசம்பர் முதல் வாரம் ஊருக்கு டிக்கெட். முந்தைய குளிர்காலம் அவளைப் படுத்திய பாடு அப்படி. மூட்டு வலியால் மாடி ஏற முடியாமல் கீழ் அறையில்தான் படுப்பாள். வீட்டு ஹீட்டரின் சூடு அங்கே சரியாக வருவதில்லை. மருமகள் வாய்விட்டுக் கேட்கவில்லை. டேகேரில் ஒரு இடத்தை மட்டும் பிடித்து வைத்திருந்தாள்.

அந்தக் கீழ் அறைக்கு வெளியே ஹாலில், வீட்டின் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன பெல்லட் அடுப்பு ஒன்று சும்மா கிடந்தது. நான்தான் அதைத் துடைத்து, புகைக்குழாயை ஆள் வைத்துச் சுத்தம் செய்து எரிய வைத்தேன். பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த குச்சி. பார்க்க மாட்டுத்தீவனம் மாதிரியே இருக்கும். மேலே கொட்டி மூடினால், உள்ளே ஒரு திருகு சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தீயில் போடும். பாய்லர் முன்னால் எட்டு வருடம் நான் வேர்த்து விறுவிறுத்துச் செய்த வேலை. அந்தத் திருகை முதல் நாள் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். கண்டுபிடித்தவனைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். அவள் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் பாட்டில் அறை அலமாரியில் இருக்கும். போன குளிர் முழுக்க அது கல்லாகக் கிடந்தது. தினமும் வெந்நீரில் வைத்து உருக்குவாள். "காலைல எழுந்ததும் எண்ணெய் தானா ஊத்துச்சுன்னா நான் இருக்கறேன். இல்லாட்டி என்னைய ஏரோபிளேன்ல ஏத்தி உடுங்க" என்றாள்.

கடையில் பல விதம் இருந்தன. நான் மூட்டையை ஆட்டி, அடியில் தூள் எவ்வளவு என்று பார்த்து, ஒரு குச்சியை ஒடித்து மோந்து, ஓக் மரத்து பெல்லட்டை எடுத்தேன். கெட்டி மரம்தான் நின்று எரியும். ஒப்பிட்டுப் பார்க்க, விலை குறைந்த கலப்பு ரகத்திலும் ஒரு மூட்டை எடுத்தேன். மருமகள் அவள் பங்குக்கு, பைன் மாதிரி ஊசியிலை மரத்து பெல்லட் ஒரு மூட்டை எடுத்தாள். "அது பேக்கிங் பெட்டி அடிக்கிற மரம், சாமி. அடுப்புல வெச்சா பொசுக்குன்னு போயிரும்" என்றேன். சிரித்துக்கொண்டே வண்டியில் ஏற்றச் சொன்னாள்.

அவள் மருந்து கம்பெனியில் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவள். மூன்றையும் ஒரே அளவு, ஒரே சூட்டு நம்பரில், ரகத்துக்கு ஒரு நாள் என்று எரித்துப் பார்க்கலாம் என்றாள். இரண்டாம் நாளே என்னைப் பிடித்துவிட்டாள். கலப்பு ரகத்துக்கு முன்னால் சாம்பல் கிண்ணத்தைச் சும்மா தட்டிவிட்டவன், என் ஓக்குக்கு முன்னால் கம்பியால் சுரண்டி, அடுப்புக் கதவின் கண்ணாடியைத் துடைத்து, சீவிச் சிங்காரித்து வைத்திருந்தேன்.

"மாமா, இது செல்லாது" என்றாள். "முதல்ல இருந்து பண்ணலாம்."

மூன்றையும் மூடி போட்ட டப்பாக்களில் கொட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினாள். எது எதென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அடுப்பில் கொட்டுவதும் அவளே. சாம்பல் அள்ளுவது மட்டும் என் வேலை, அதுவும் தினமும் ஒரே மாதிரி. தீர்ப்பு மனைவியுடையது. என்னிடம் வேலை பார்த்த ஆட்களை எல்லாம் மிரட்டி வேலை வாங்கியவன் நான். இந்தப் பெண் குரலை உயர்த்தாமலே என்னை உட்கார வைத்துவிட்டாள்.

ஒன்றாம் டப்பா எரிந்த மறுநாள் காலை பாட்டிலில் பாதி வெள்ளையாக இருந்தது. இரண்டாம் டப்பாவுக்கு அடிமுதல் மூடிவரை உறைந்து கிடந்தது, கிண்ணத்திலும் கட்டி கட்டியாகச் சாம்பல். மூன்றாம் டப்பா எரிந்த மறுநாள் காலை மனைவி பாட்டிலைக் கவிழ்த்தாள். தண்ணீர் மாதிரி உள்ளங்கையில் விழுந்தது. அவள் அதை அப்படியே தலைக்குத் தேய்த்தாள்.

நான் அன்றே மகிழ்ந்துவிட்டேன், மூன்று என் ஓக்தான் என்று. மருமகள் விடவில்லை. நேற்று வெளியே குளிர் குறைவாக இருந்திருக்கலாம், வரிசையை மாற்றி இன்னொரு சுற்று பார்த்துவிடலாம் என்றாள். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து டப்பாவைத் தூக்குவாள், வெளிக் குளிரைக் குறித்துக்கொள்வாள். அவளுக்கு வேண்டிய பதில் கையில் வந்த பிறகும் அதைச் சந்தேகப்பட்டாளே, அந்த நெஞ்சுரம் எனக்கு இருந்ததில்லை.

இரண்டாம் சுற்றிலும் மூன்றுதான் எண்ணெயை ஊற்ற வைத்தது. டப்பாவைத் திறந்து, ஒட்டி வைத்திருந்த சீட்டைக் காட்டினாள். ஊசியிலை மரம்.

டப்பாவிலிருந்து ஒரு குச்சியை எடுத்து ஒடித்து மோந்து பார்த்தேன். அவள்தான் விளக்கினாள். கட்டையாக எரிக்கும்போது நான் சொல்வது சரியாம். தூளாக்கி அழுத்திய பிறகு கெட்டி, மெது எல்லாம் போய்விடுகிறதாம். ஒரே எடைக்கு, பிசின் உள்ள மரம் கூடுதல் சூடு தரும், சாம்பலும் குறையும். யோசித்துப் பார்த்தேன். நானும் எடை போட்டு விற்றவன்தான். ஆனால் தூளாக்கி அழுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"ஏனுங்க," என்றாள் மனைவி, "உங்க கெட்டி மரத்த நம்மூர்லயே எரிச்சுக்குங்க. நான் போகல."

மருமகள் திரும்பி நின்றாள். குழந்தையைத் தோளில் சாய்த்தபடியே போனை எடுத்து டேகேருக்குப் பேசினாள். பிடித்து வைத்த இடம் வேண்டாம், வேறு யாருக்காவது கொடுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள். இரண்டு தடவை நன்றி சொன்னாள். மனைவி எழுந்து போய் அவள் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.