பூரி இல்லாத கடை

சின்ன காஞ்சிபுரத்தில், கோயில் மதிலைத் தாண்டித் திரும்பினால் எங்கள் காபிக் கடை. எங்கள் என்று சொல்கிறேனே தவிர எனக்கு அதில் பங்கு ஒன்றும் கிடையாது. தினமும் காலையில் வாசல் ஓர பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவன் என்ற உரிமைதான். முதலாளியின் தாத்தா ஆரம்பித்த கடை. குடலை இட்லி, பொங்கல், வடை, தோசை, காபி. இவ்வளவுதான் உண்டு. மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு வேகவைத்த இட்லியைத் துண்டு போட்டுத் தருவார்கள். பூரி மட்டும் கிடையவே கிடையாது. பூரி எதிர்க்கடையின் சமாச்சாரம். தாத்தா போடவில்லை, அப்பா போடவில்லை, இவரும் போடமாட்டார். கேட்டால் எதிரே கை காட்டுவார், அதுவும் கொஞ்சம் வேண்டாவெறுப்பாக.

எங்கள் கடையில் வாடிக்கைக்காரர் யாரும் வாயைத் திறந்து காபி சொன்னதில்லை. நான் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும்போதே எனக்கான காபி தயாராகிக்கொண்டிருக்கும், டிகாஷன் தூக்கலாக, சர்க்கரை கம்மியாக. நான் காய்ச்சலில் படுத்து எழுந்து போன அன்று, கேட்காமலே முதலாளி சுக்குத் தட்டிப் போட்டுக் கொடுத்தார். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் மனிதர்.

நான் பட்டுப்புடவைக் கடையில் மெத்தையில் உட்கார்ந்து புடவை பிரித்துப் போட்டே தலை நரைத்தவன். என் பெஞ்சுக் கூட்டாளி செவிலிமேடு டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் இருவருக்கும் இப்போது வேலை என்று சொன்னால், அந்தக் கடையில் உட்காருவதுதான்.

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்யாண சீசன், புடவை எடுக்க வந்த வெளியூர்க் கூட்டம் கடையில் அலைமோதியது. முதலாளியின் ஒரே மகளைச் சென்னையில் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். அவர் மனைவி முன்னாலேயே போயிருந்தார். போன் அடித்தது. கையில் பால் சொம்பு இருந்ததால் முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, வலி எடுத்துடுச்சு. நீ வாயேம்பா."

"வரேம்மா. கூட்டம் கொஞ்சம் கொறையட்டும்."

"நான் பொறந்தப்பவும் இதையேதான் சொன்னியாம். அம்மா சொல்லுச்சு."

அவர் கை அப்படியே நின்றது. மகள் பிறந்த அன்று இதே அடுப்புக்கு முன்னால் நின்றிருக்கிறார். குழந்தையை மறுநாள்தான் போய்ப் பார்த்தார். ஊருக்கே தெரிந்த கதை அது, அவருக்கு ஆறாத கதை.

கண்டக்டர் எழுந்துபோய் அவர் தோளில் இருந்த துண்டை உருவினார். "நீ கெளம்புணே. நாங்க பாத்துக்கறோம்."

"நீங்களா?" என்று எங்களைப் பார்த்த பார்வையில் துளியும் நம்பிக்கை இல்லை. சமையல் செய்யும் அக்கா உள்ளேயிருந்து, "இட்லி, தோசைய நான் பாத்துக்கறேன், போங்க" என்று சத்தம் போட்ட பிறகுதான் சட்டையை மாட்டினார். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் ஏறியவர் தலையை வெளியே நீட்டி, "புதுசா எதுவும் பண்ணாதீங்கபா" என்றார்.

புதுசாக ஒன்றும் செய்யவில்லை. தெரிந்ததைத்தான் செய்தோம், அதுதான் வினை. காபி அடுப்பில் நின்ற கண்டக்டர், வாசலில் ஆள் தலை தெரிந்ததும், "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்குது" என்று கத்தினார். நாலு பேர் உட்காரும் பெஞ்சில் ஆறு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பழைய வாடிக்கைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். காபி எப்படி வேண்டும் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. "எப்பவும் குடிக்கிறதுதான்" என்று விழித்தார்கள்.

பரிமாறுவது என் பங்கு. மதியம் நெருங்கும்போது ஒரு குடும்பம் வந்து இட்லி மட்டும் கேட்டது. "எடுக்க வேணாம்மா, சும்மா பாருங்க" என்று பொங்கல், வடை, தோசை எல்லாவற்றையும் அவர்கள் முன்னால் பரப்பிவிட்டேன். தோசையைப் பிரித்து, முந்தியைக் காட்டுவதுபோல் உள்பக்கத்தைத் திருப்பியும் காட்டியிருக்கிறேன். அந்த அம்மாள் சிரிக்காமல், "இதுல வேற கலர் இருக்குதாண்ணே?" என்றார். கடையே சிரித்தது.

அவர்களுடன் வந்த சின்னப் பெண் பூரி கேட்டாள். இல்லை என்று சொல்வது புடவைக் கடையில் பாவம். கேட்ட கலர் இல்லாவிட்டால் பின்வாசல் வழியாகப் பக்கத்துக் கடையில் வாங்கிவந்தாவது மெத்தையில் விரிப்போம். என் வாய் தானாக, "இருக்குதும்மா, ஒரு நிமிஷம்" என்றது. கால்கள் எதிர்க்கடைக்கு நடந்தன.

எதிர்க்கடைக்காரர், "உங்க கடைக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு மசாலாவை அள்ளி வைத்துக் கட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவர் பொட்டலம் கட்டி நான் பார்த்ததில்லை.

உப்பிய பூரியை இலையில் வைக்கவும் வீடியோ கால் வரவும் சரியாக இருந்தது. கண்டக்டர் போனை உயர்த்திப் பிடித்தார். முதலாளி கையில் துணிச் சுருள், அதற்குள் ஒரு சிவந்த முகம்.

"பொண்ணுபா. நர்ஸம்மா எடுத்துக்கினு வந்து என் கையிலதான் மொதல்ல குடுத்தாங்க" என்றவர் அழுதுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டவர் திரையை உற்றுப் பார்த்தார். "இன்னாபா அது, பின்னாடி? பூரியா?"

கண்டக்டர் போனைச் சட்டென்று கூரைப் பக்கம் திருப்பினார். மின்விசிறி சுற்றுவதைத் திரையில் பார்த்துக்கொண்டே முதலாளி சிரிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

மறுநாள் காலையில் பஸ் இறங்கி நேரே கடைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். வாடிக்கைக்காரர் உட்காரும் இடத்தில் அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்க்கிறேன்.

காபி போடலாம் என்று டம்ளரை எடுத்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது. அவர் காபி எப்படிக் குடிப்பார்? கண்டக்டரைப் பார்த்தேன், அவர் உதட்டைப் பிதுக்கினார். அக்காவும் வெளியே வந்து, "அவர் குடிச்சி நான் பாத்ததே இல்லயே" என்றார். ஊர்க் காபியெல்லாம் அவருக்கு அத்துப்படி, அவர் காபி எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"உனக்கு எப்படிணே போடணும்?"

அவர் யோசித்தார். "தெரிலயேபா. கடை சாத்தறப்ப மிச்சம் இருக்கறத குடிப்பேன். அது ஆறிப்போயிருக்கும்." என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துவிட்டு, "சூடா போடு. சக்கரை தூக்கலா" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் நிதானமாகக் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"நாளைக்கும் இதேதான்பா" என்றார்.