தொடரலாமா என்று கேட்டது

கள்ளக்குறிச்சியில் மனு தட்டச்சு செய்யும் சிறிய கடை என்னுடையது. பத்தாம் வகுப்பும் தட்டச்சு லோயரும்தான் என் படிப்பு. வருகிறவர்கள் சொல்வதை அடிப்பேன். சொல்லாததை ஓர் எழுத்துகூடச் சேர்க்க மாட்டேன். அதிகம் பேச வராத எனக்கு அந்த வேலை பொருந்திப் போயிருந்தது.

என் மகள் கல்வராயன் மலை மழையை ஆராய்கிறாள். அன்று என் கடைக் கணினி வழியாக, வேறு ஊரில் இருக்கும் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரில் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய மென்பொருள் ஒன்றை நிறுவத் தொடங்கினாள். பெரிய கணக்கைப் பல நூறு துண்டாக்கி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட வைக்குமாம். அவளுக்குக் கொடுத்த அனுமதி மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அதற்குள் அவளுடைய மழைக் கணக்கு அங்கே வரிசையில் சேர வேண்டும். தவறினால் ஆய்வு ஒரு வருடம் தள்ளிப்போகும்.

மதியம் மலைமேல் இருக்கும் வெள்ளிமலை ஊரிலிருந்து மகளுக்குப் போன் வந்தது. அங்கே அவள் வைத்திருந்த மழைமானி சாய்ந்து கிடக்கிறதாம்.

"அது பாட்டுக்கு ஓடும்மா. முடிஞ்சதும் இந்த வரிய அடிச்சுடு, கணக்கு வரிசையில சேந்து ஒரு நம்பர் வரும். வேற எதையும் தொடாத."

ஒரு தாளை என் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

மூன்று மணிக்குத் திரையில் ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றன. மென்பொருள் பெயர்களாக நீளமான ஒரு பட்டியல். அதில் சிலவற்றை எடுத்துவிட்டு வேறு பதிப்பு போடப்போவதாக இருந்தது. கடைசியில் ஒரு கேள்வி: தொடரலாமா? ஆம் என்றால் ஒய் (Y), இல்லையென்றால் என் (N).

தாளில் இந்தக் கேள்வி இல்லை. போன் செய்தேன். மலைப்பாதையில் சிக்னல் கிடைக்கவில்லை. மறுபடி, மறுபடி. மணி நான்கைத் தாண்டியது. விரல் விசைக்கு மேலே போகும், திரும்பிவிடும்.

பட்டா மனுவுக்காக வந்திருந்த அம்மாள் ஸ்டூலில் காத்திருந்தாள்.

"இன்னாங்க, அதையே பாத்துக்கினு இருக்கீங்க?"

"தொடரலாமான்னு கேக்குது."

"யாரு?"

"மிஷினு."

"கேட்டா ஒரு பதில் சொல்லுங்க. என் மனுவுக்குத்தான் மூணு வருஷமா ஒருத்தரும் வாயத் தொறக்கல. நீங்களுமா?"

"எம் பொண்ணு வேலைங்க. தப்பாப் போயிட்டா?"

"சும்மா இருந்தா மட்டும் சரியாப் போயிடுமா?"

தாளின் மேலே மகள் மென்பொருளின் பெயரை எழுதியிருந்தாள். பிழை பார்ப்பதுபோல எழுத்து எழுத்தாக அதைப் பட்டியலோடு ஒப்பிட்டேன். எடுக்கப்போகிறவற்றில் அது இல்லை. போடப்போகிறவற்றில் இருந்தது. இரண்டாம் முறையும் பார்த்தேன். ஒய் அடித்தேன்.

வரிகள் மறுபடி ஓடின. ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது முடிந்தது. தாளில் இருந்த வரியை அடித்தேன். பதிலுக்கு ஓர் எண் வந்தது. அதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

ஐந்தரைக்கு மகள் அழைத்தாள்.

"அம்மா, நடுவுல அது ஏதாவது கேட்டுதா? சொல்ல மறந்துட்டேன்."

"கேட்டுது. ஒய் அடிச்சேன்."

பஸ் இரைச்சலுக்கு மேலே சத்தமாகக் கேட்டாள்.

"நம்பர் வந்துதா?"

படித்தேன்.

"இன்னொரு தடவ படிம்மா."