புடவைக் கடையில் ஒரு ஜோடிக் காது

காது மெஷின் விற்கிறவளுக்கு முதலில் கெட்டுப்போவது தொண்டைதான். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கிறது எங்கள் சென்டர். காலையில் நல்ல குரலோடு படியேறுகிற நான், சாயங்காலம் ஏலம் போட்டு ஓய்ந்தவள் மாதிரி இறங்குவேன். உங்கள் வீட்டிலும் டி.வி.யைத் தெருவுக்கே கேட்கும்படி வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன சொன்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிற ஒருவர் இருக்கிறாரா? அப்படியானால் வாருங்கள், நீங்களும் என் கட்சிதான்.

காதுக்குள் ரைஸ் மில்

எங்கள் சென்டரில் காதைப் பரிசோதிக்க ஒரு சின்ன அறை உண்டு. சுவரெல்லாம் ஸ்பாஞ்ச். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் உள்ளே எட்டிப் பார்க்காது. அந்த அறைக்குள் எந்த மெஷினைப் போட்டாலும் யாருக்கும் நன்றாகக் கேட்கும். முகமெல்லாம் மலர்ந்து, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். படியிறங்கிப் பஸ் ஸ்டாண்டில் கால் வைத்ததும் ஆரம்பிக்கும் வினை. விலை குறைந்த பழைய மெஷின்களுக்குப் பாரபட்சமே கிடையாது. பெண்டாட்டி பேச்சு, பஸ் ஹாரன், டீக்கடைப் பாட்டு எல்லாவற்றையும் ஒரே மாதிரி தூக்கிக் கொடுத்துவிடும்.

ஒரு ரைஸ் மில் மேஸ்திரி காலையில் அப்படி ஒன்றை வாங்கிப் போய், மத்தியானமே திரும்பி வந்தார். கோபமெல்லாம் படவில்லை. மெஷினைக் கழற்றி மேஜைமேல் பதமாக வைத்துவிட்டுச் சொன்னார்:

"வூட்ல பேசறது கேக்கணும்னு வந்தா, மில்லையே காதுக்குள்ள கட்டி வுட்டுட்டீங்களேம்மா."

கொடவுனில் ஆள் இல்லை

ஜெயவேலு பட்டுப் புடவைக் கடை சேல்ஸ்மேன். வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் உட்கார்ந்து, எதிரே உட்கார்ந்த குடும்பத்துக்குப் புடவையை உதறி விரித்துக் காட்டுவதிலேயே தலை நரைத்தவர். அவருடைய பழைய மெஷினும் நான் கொடுத்ததுதான். வீட்டில் மாட்டிக்கொள்வார், கடையில் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கூட்டத்தில் அதை மாட்டினால் தலைவலிதான் மிச்சம் என்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் கடையில் விஷயம் முற்றிவிட்டது. வாடிக்கையாளர் ஒன்று கேட்க, இவர் வேறொன்றை எடுத்து விரிக்க, இரண்டு மூன்று குடும்பங்கள் பக்கத்துக் கடைக்கு எழுந்து போய்விட்டன. ஆவணி முகூர்த்தத்துக்கு ஜவுளி எடுக்கும் கூட்டம் வரப்போகிற நேரம். முதலாளி கூப்பிட்டு, இனிமேல் மாடிக் கொடவுனில் புடவை மடித்து அடுக்குகிற வேலையைப் பாருங்கள், சம்பளத்தில் கை வைக்க மாட்டேன் என்று நல்லவிதமாகவே சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு வாரம் டைம் கேட்டுக்கொண்டு என்னிடம் வந்திருந்தார் ஜெயவேலு. சம்பளம் குறையாதபோது எதற்கு இவ்வளவு கவலை என்று நான் யோசனையில்லாமல் கேட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"கொடவுன்ல பொடவைதாம்மா இருக்கும், ஆளு இருக்காது. நான் யாருகிட்ட பேசிகினு இருக்கிறது?"

டீக்கடைப் பரிசோதனை

அந்தச் சமயத்தில்தான் ஏ.ஐ. வைத்த மெஷின் எங்களிடம் வந்திருந்தது. கடைத்தெரு, கல்யாண மண்டபம், ஓட்டல் என்று ஊர்ப்பட்ட இரைச்சலையும் ஊர்ப்பட்ட பேச்சையும் கலந்து கலந்து கேட்க வைத்து, எது பேச்சு, எது இரைச்சல் என்று பிரித்தெடுக்க அதைப் பழக்கியிருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் சில நாள் போட்டுப் பார்க்கலாம். இதையெல்லாம் ஜெயவேலுவுக்கு உரக்கக் கத்தி விளக்கினேன். அவர் நம்பவில்லை. நானும் முழுசாக நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். கம்பெனிக்காரர்கள் காட்டுகிற வீடியோவில் எல்லோருக்கும் எல்லாமே கேட்கும்.

அதனால் இந்தத் தரம் ஸ்பாஞ்ச் அறையைப் பூட்டிவிட்டு, புது மெஷினை அவர் காதில் மாட்டி, கீழே டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். எதிரே வேலூர் பஸ் என்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் கத்த, மாஸ்டர் டீ ஆற்ற, யாரோ செல்போனில் சண்டை போட, நடுவில் நான் சாதாரணக் குரலில், சர்க்கரை போதுமா என்று கேட்டேன். போதும் என்றார். மகள் ஊரிலிருந்து எப்போது வருகிறாள் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு சொன்னார்:

"நீங்க இவ்ளோ மெதுவா பேசற ஆளாம்மா? இத்தினி நாளா உங்கள சண்டக்காரின்னு நெனச்சிகினு இருந்தேன்."

முதல் நாள் வியாபாரம்

மறுநாள் மெஷினோடு போய் மெத்தையில் உட்கார்ந்தார். இங்கேதான் நான் யோசிக்காத ஒன்று நடந்தது. பட்டுக் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். சேல்ஸ்மேனிடம் சத்தமாக ஒன்று, தங்களுக்குள் கிசுகிசுப்பாக ஒன்று. நல்ல சேல்ஸ்மேன் கிசுகிசுப்பைக் காதில் வாங்கிக்கொண்டு, வாங்காதது போல் இருப்பான். வருஷக் கணக்காகக் கடையில் எதுவும் சரியாகக் கேட்காத ஜெயவேலுவுக்கு அந்தப் பழக்கம் சுத்தமாக விட்டுப்போயிருந்தது.

பெரணமல்லூரிலிருந்து வந்த ஓர் அம்மா தங்கையின் காதோரம் குனிந்து, இங்கே விலை ஜாஸ்தி, சும்மா பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றிருக்கிறார். அத்தனை கூட்டத்திலும் அது தெளிவாக வந்து விழுந்த சந்தோஷத்தில், "ஜாஸ்தியெல்லாம் இல்லம்மா, நாலு கடை விசாரிச்சிட்டு வாங்க" என்று இவர் உரக்கப் பதில் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. குடும்பத்தோடு எழுந்து போய்விட்டார்கள். சாயங்காலம் முதலாளியே எனக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வரைக்கும் பார்ப்பேன், அதற்கு மேல் கொடவுன்தான் என்று சொல்லிவிட்டு, வைக்கும்போது சேர்த்துச் சொன்னார்:

"கேக்காத காதால ஒரு பேஜாருன்னா, கேக்கற காதால ஒன்பது பேஜாரா இருக்குதும்மா."

ஞாயிற்றுக்கிழமை

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நானும் புடவை எடுக்கிறவள் போல அந்தக் கடையில் போய் உட்கார்ந்தேன். ஜெயவேலுவிடம் முன்பே ஒன்று சொல்லியிருந்தேன். இது மந்திரமில்லை, நாலு பேர் சேர்ந்து பேசினால் நீங்கள் யார் பக்கம் முகத்தைத் திருப்புகிறீர்களோ அவர் பேச்சைத்தான் தூக்கிக் கொடுக்கும், அதனால் யாரைப் பார்ப்பது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று.

அவர் முன்னால் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். பெரியவர்கள் ஆளுக்கொன்று பேச, குழந்தை அழ, மேலே ஃபேன் இரைய, கல்யாணப் பெண்ணின் அத்தை அரக்குக் கலர் என்று முடிவே கட்டிவிட்டார். எல்லா சேல்ஸ்மேனும் அத்தையைத்தான் பார்ப்பார்கள். ஜெயவேலு முகத்தைத் திருப்பி, ஓரத்தில் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்ணைப் பார்த்தார். அவள் தோழியிடம், மயில் கழுத்துக் கலர் என்றால் உயிர், ஆனால் இவர்களிடம் யார் சொல்வது என்று முணுமுணுத்தாள். அவளுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்த எனக்கே அது அரைகுறையாகத்தான் விழுந்தது. ஐயோ, பதில் சொல்லிவிடாதீர்கள் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அவர் சொல்லவில்லை. அரக்குப் புடவையை வாயாரப் புகழ்ந்தார். எழுந்து அலமாரிக்குப் போய், மயில் கழுத்துக் கலரில் ஒன்றை எடுத்து வந்து, ஜரிகை எப்படி எடுப்பாக இருக்கிறது என்று காட்டுவதற்காக மட்டும் என்று அத்தை முன்னால் விரித்தார். அத்தை அதைத் தூக்கிப் பெண்ணின் தோளில் போட்டுப் பார்த்தார். பிறகு, தானே கண்டுபிடித்த பெருமையில், இதுதான் முகூர்த்தப் புடவை என்று ஊருக்கே அறிவித்தார். அந்தப் பெண் முகத்தைப் பார்த்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. பில் போடும் மேஜையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, அடுத்த பார்ட்டி வந்துவிட்டது, ஜெயவேலு மெத்தைக்கே அனுப்புங்கள் என்று வாசலில் நின்றவரிடம் குரல் கொடுத்தார். கொடவுன் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

கிளம்பும்போது அந்தப் பெண் மட்டும் பின்தங்கி வந்து, நான் பேசினது உங்களுக்குக் கேட்டுதா அண்ணா என்று மெல்லக் கேட்டாள். ஜெயவேலு புடவையை மடித்தபடியே, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு காது கொஞ்சம் மந்தம்மா."

இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, காது கேட்காது என்று ஒரு கஸ்டமர் சொல்லி நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.