ஸ்டெல்லாவை அழைக்க வந்தேன்

பரமத்தி வேலூர் பேருந்து நிலையத்தில் வெற்றிலைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள். வழியனுப்ப வந்த ஸ்டெல்லா என்னருகே நிற்கிறார். ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில் நாங்கள் நடத்தும் மிஷன் மருத்துவமனையின் ஒரே நர்ஸ் அவர்தான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் ஊர் திரும்பியவரை மறுபடி அழைத்துப் போகலாம் என்று வந்தேன்.

"அப்பாவ உட்டுட்டு எப்புடிங்க பாஸ்டர் வாரது?" என்கிறார்.

எனக்கு வற்புறுத்த மனம் வரவில்லை. நாமக்கல் பஸ் வருகிறது.

"நம்ம சமையக்கார கிரேஸுக்குப் பிரசவம் நல்லபடியா ஆச்சுங்களா?"

ஸ்டெல்லா இல்லாததால் கிரேஸை நகரத்துக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே பிரசவமாகி அவள் இறந்துபோனாள். குழந்தை மட்டும் பிழைத்தது.

"பொண்ணு பொறந்திருக்கும்மா. உன் பேரைத்தான் வச்சிருக்கோம்."

ஸ்டெல்லாவின் முகம் மலர்கிறது. தாயைப் பற்றி அவர் கேட்பதற்குள் பஸ்ஸில் ஏறிவிடுகிறேன்.