ஐயம்பேட்டை ஓநாய்கள்

கோழிக்கடைக்காரனுக்கு ஓநாயோடு என்ன சகவாசம் என்று என் மனைவி கேட்காத நாள் இல்லை. கேட்டுவிட்டு, "அந்த லுங்கியோட உள்ள வராதீங்க" என்று பின்வாசலைக் காட்டுவாள். நானும் வாயை மூடிக்கொண்டு, கொல்லைப்பக்கம் போய்க் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன்.

கடை பெரிய காஞ்சிபுரத்தில். கறி வெட்டும்போது ஒதுக்கும் கழுத்து, கால், தலை எல்லாவற்றையும் தினமும் காலையில் ஓர் அம்மா வாளியில் வாங்கிக்கொண்டு போவார். அரசாங்கக் கால்நடை டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் நாலைந்து நாய் வளர்க்கிறார் போலிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவருடைய ஸ்கூட்டர் மக்கர் பண்ணியது. வாளியோடு அவரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஐயம்பேட்டைக்குப் போனேன். ஊர் ஓரத்தில் ஓடாமல் கிடந்த ஓர் அரிசி மில். நெல் காயவைக்கும் களத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் கம்பி வேலி. உள்ளே எழுந்து நின்றவற்றைப் பார்த்ததும் நான் இரண்டடி பின்னால் போனேன்.

நாய் மாதிரிதான் இருந்தன. ஆனால் ஒன்றுகூட வாலை ஆட்டவில்லை, குரைக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றன.

"ஓநாயையும் நாயையும் சேத்துக் குட்டி போட வெச்சு விக்கறாங்க பாய். பெரிய வீட்டுக்காரங்க ஆசைக்கு வாங்கறாங்க. வளந்ததும் சோபாவக் கிழிக்குது, ஆளுங்களப் பாத்து உறுமுதுன்னு ரோட்டுல விட்டுடறாங்க," என்றார் டாக்டரம்மா.

மூலையில் தனியாகப் படுத்திருந்த கிழவி மட்டும் கலப்பில்லாத ஓநாய். யாரோ ஒருவருடைய பண்ணை வீட்டுக் கூண்டிலிருந்து வனத்துறை மீட்டது. வேறு இடம் கிடைக்காமல் அவர்களே இவரிடம் விட்டுவைத்திருந்தார்கள். அதன் வாயில் பாதிப் பல் இல்லை, கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்தே போயிருக்கிறது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தினமும் கோழி அறுக்கிறவன் நான். நானே சொல்கிறேன், ஓர் உயிரை அப்படி வைத்திருக்கக் கூடாது.

மில் டாக்டரம்மாவுடையது இல்லை. அதன் சொந்தக்காரர் இருந்தவரை, "வெச்சுக்கோங்கம்மா" என்று சும்மா விட்டிருந்தார். அவர் கொரோனாவில் போய்விட்டார். மில்லுக்கு எதிர்வீட்டில் இருக்கும் அவர் மனைவி சில வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐப்பசி பிறந்தால் எல்லாவற்றையும் காலி பண்ணிவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். டாக்டரம்மா ஏறி இறங்காத படி இல்லை. மிருகக்காட்சி சாலைக்காரர்கள் இது நாய் என்றார்கள். நாய்க் காப்பகத்துக்காரர்கள் இது ஓநாய் என்றார்கள்.

"கடைசில என் கையாலயே ஊசி போட்டு முடிக்க வேண்டியதுதான் பாய்," என்று ஒரு காலையில் என் கடை வாசலில் நின்று சொன்னார். வாளி நிறைந்த பிறகும் போகாமல் நின்றுகொண்டே இருந்தார்.

அது புரட்டாசி மாதம். பாதி ஊர் கவுச்சி தொடாது, நான் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஐயம்பேட்டையில் வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்டால் என்ன என்று தோன்றியது. தெருவே திரண்டு வந்து, அதுகள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொன்னால் மில்காரர் மனைவிக்கு மனசு இளகாதா? மில்லை நிரந்தரமாகவே கொடுத்துவிட்டால் அதுகளின் காலம் முழுக்கக் கவலை இல்லையே.

போனேன். எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், ஐயோ பாவம் என்றார்கள். எங்கள் ஜனங்களுக்கு இரக்கத்துக்குக் குறைச்சல் இல்லை, தங்கள் தெருவில் வைத்துக்கொள்ளச் சொல்லாத வரைக்கும். கடித்துவிடும் என்று யாரும் பயப்படவில்லை. எல்லோரும் சொன்ன குறை ஒன்றுதான், ஊளை.

"அதுங்க ஊளையிட்ட அன்னிக்கு ஊர்ல சாவு வுழாம இருந்ததே இல்ல பாய்," என்றார் ஒரு நெசவாளர், தறியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நான் சொல்றத நம்பாத. நீயே யாரையாவது கேட்டுக்கோ."

கேட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் அதையேதான் சொன்னார்கள். இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று எரிச்சலாக இருந்தது. சொல்லப்போனால் எனக்கே உள்ளுக்குள் லேசாகப் பயம் வந்தது.

அந்த வாரமே ஒரு காலையில், டாக்டரம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நான் தீனி கொண்டுபோயிருந்தேன். எல்லாம் வெயிலில் படுத்திருந்தன. திடீரென்று கிழவி தலையைத் தூக்கியது. காது இரண்டும் ஒரே பக்கம் திரும்பின. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அது முகத்தை வானத்துக்கு நிமிர்த்தி நீளமாக ஊளையிட்டது. மற்றவையும் சேர்ந்துகொண்டன. இன்றைக்கு யாரோ என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

ஊரின் மறுகோடியில் ஒரு வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாவுக்குச் சங்கு ஊதுகிறவர் ஓரமாக நின்றிருந்தார். என் கடைக்கு வருகிறவர்தான்.

"எப்பப்பா ஊதின?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் பாய், கொஞ்ச நேரம் முன்னால. விடிகாலையிலயே உயிர் பூட்டுச்சாம். நான் வந்துதான் மொத சங்கு."

அங்கேயே வண்டியை நிறுத்திவிட்டேன். சாவு முதலில். பிறகு சங்கு. அதற்கும் பிறகுதான் ஊளை. சங்குச் சத்தம் நம் காதுக்கு இரண்டு மூன்று தெரு தாண்டாது, அதுகளின் காதுக்கு ஊர் முழுக்கக் கேட்கிறது. தங்கள் இனம் எங்கோ கூப்பிடுகிறது என்று நினைத்துப் பதில் கொடுக்கின்றன. செத்த சேதி வாய்வழியாக வீடு வீடாக வந்து சேர்வதற்குள் ஊளை வந்து சேர்ந்துவிடுகிறது. காதில் முதலில் விழுந்ததையே முதலில் நடந்ததாக ஊர் முடிவு கட்டிவிட்டது.

சங்குக்காரரிடம் சொன்னதும் அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவமே, ஊதறது நானு. பழி அதுங்க மேலயா?"

மகாளய அமாவாசை வந்தது. அமாவாசைக்கு எங்கள் பக்கம் தறி ஓடாது, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். சங்குக்காரரைக் கூட்டிக்கொண்டு மில்காரர் வீட்டுக்குப் போனேன். அந்தம்மாவின் மகன் காலையிலேயே திருமுக்கூடல் ஆற்றில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்பியிருந்தான். அவர் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. நான் சங்கு விஷயத்தை முழுக்கச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவர ஏத்திக்கினு போக ஆம்புலன்ஸ் வந்துச்சு பாய். உடனே அதுங்க எல்லாம் சேந்து ஊளையிட்டுச்சுங்க. அவரு என்னைப் பாத்துக்கினே ஏறினாரு. அதான் கடைசி. அதுங்கதான் எமனக் கூப்ட்டுச்சுங்க."

"அது ஆம்புலன்ஸ் சத்தத்துக்கும்மா. சங்கு மாதிரிதான் அதுவும்."

அவர் சங்குக்காரர் பக்கம் திரும்பினார். அவர் தோளில் எப்போதும் தொங்கும் சங்குப் பையைப் பார்த்தார். "அப்டின்னா ஊதிக் காட்டு. பாக்கலாம்."

சங்குக்காரர் பதறிவிட்டார். "வேணாம்மா. சாவு இல்லாத வூட்ல ஊதவே கூடாது."

"சாவு இல்லாத வூடா இது?"

அவர் குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "ஆஸ்பத்திரிலேர்ந்து பொட்டலமா கட்டி நேரா சுடுகாட்டுக்குத் தூக்கிக்கினு பூட்டாங்க. மொகத்தக்கூடக் காட்டல. சங்கு இல்ல, மேளம் இல்ல. வாசல்ல வந்து ஒரு சனம் நிக்கல. பயந்துக்கினு கதவ சாத்திக்கினாங்க. நானும் உள்ளயே உக்காந்துக்கினு இருந்தேன், வாய் வுட்டு அழக்கூட இல்ல. இன்னிக்கு அவரு நாளு. அவருக்கு ஊதுப்பா."

சங்குக்காரர் என்னைப் பார்த்தார். எங்கள் வீடுகளில் சங்கு கிடையாது, நான் என்ன சொல்ல முடியும்? அவர் செருப்பைக் கழற்றினார். வாசலில் தெற்குப் பார்த்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை ஊதினார்.

தெருவில் சத்தமே இல்லை. மில்லிலிருந்தும் ஒன்றுமில்லை. இன்றைக்குப் பார்த்து அதுகள் பேசாமல் இருந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் கிழவியின் குரல் எழுந்தது. அதன் மேல் இன்னொன்று. பிறகு எல்லாம் சேர்ந்து, நீளமாக, விட்டு விட்டு, ஒரு சாவு வீட்டில் பெண்கள் எடுக்கும் குரல் போலவே எழுந்தன.

அந்தம்மா படியிலேயே சரிந்து மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். மூடிக் கிடந்த கதவுகள் திறந்தன. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அன்றைக்கு வராதவர்கள் எல்லோரும் வந்தார்கள். என்னவோ ஏதோ என்று களத்திலிருந்து ஓடிவந்த டாக்டரம்மா தெருவிலேயே நின்றுவிட்டார். நானும் அழுதேன். எதற்காக என்று கேட்டால், எல்லாவற்றுக்கும்தான்.

வெகு நேரம் கழித்துச் சத்தம் அடங்கியது. அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டரம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அவருக்கு வந்து அழுதவங்க அதுங்கதான். அதுங்கள எங்க அனுப்பறது? இங்கயே இருக்கட்டும்மா, நான் எழுதிக் குடுத்துடறேன்."